பல இயங்குதளங்கள் உள்ள கணினியை முழுதாக இமேஜ் எடுக்க எந்த மென்பொருளை நம்புவது?

உங்கள் கேள்வியை ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். ஒரு டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு 24.04, ஃபெடோரா ஆகிய மூன்றையும் நிறுவியிருக்கிறீர்கள். இதுவரை மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பைக் கொண்டு விண்டோஸை மட்டும் பேக்கப் எடுத்துவந்தீர்கள். இனி மூன்றையும் சேர்த்து முழு வட்டையும் இமேஜாக, அதாவது அப்படியே திரும்ப வைக்கக்கூடிய நகலாக எடுத்து 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைக்க விரும்புகிறீர்கள். அதற்கு நம்பகமான மென்பொருள் எது என்று கேட்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு வட்டுக்கு, பென்டிரைவிலிருந்து பூட் செய்து இயக்கும் ரெஸ்க்யூசில்லா அல்லது குளோன்சில்லாவைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் உள்ள பார்ட்டிஷன் (வட்டின் தனிப் பிரிவு), விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு மட்டும் விண்டோஸுக்குள் இயங்கும் இன்னொரு மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பயன் குறைவு. பல இயங்குதளங்கள் உள்ள வட்டில் ஒரு மென்பொருளின் நம்பகத்தன்மை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வட்டில் உள்ள ஒவ்வோர் அடுக்கையும் அது அடையாளம் கண்டு சேமிக்கிறதா என்பது ஒன்று, ஒரு பார்ட்டிஷனை மட்டும் திரும்ப வைக்கும்போது மற்றவற்றைத் தொடாமல் விடுகிறதா என்பது இன்னொன்று. நட்சத்திர மதிப்பீடுகளும் விளம்பரங்களும் இந்த இரண்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

உங்கள் வட்டில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். யூஈஎஃப்ஐ என்ற இன்றைய முறையில் பூட் ஆகும் கணினியில், எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும். அதன் ஒரு பிரதி வட்டின் தொடக்கத்திலும் மற்றொன்று வட்டின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கும். வட்டுக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனி அடையாள எண் அதில் உண்டு. அடுத்து, ஃபேட்32 வடிவில் ஒரு சிறிய ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸின் பூட் கோப்புகளும் உபுண்டுவின் கிரப்பும் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) ஃபெடோராவின் கிரப்பும் தனித்தனி ஃபோல்டர்களில் அங்கேதான் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அதன் பின் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவைக்கும் 16 எம்பி எம்எஸ்ஆர் பார்ட்டிஷன், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன், விண்டோஸ் ரெக்கவரி பார்ட்டிஷன், உபுண்டுவின் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் ஆகியவை வரும். ஃபெடோரா தன் வழக்கமான நிறுவலில் பூட்டுக்கென ஓர் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனையும், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனையும் எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரே வட்டில் நான்கு வகைக் கோப்பு முறைமைகளும் (என்டிஎஃப்எஸ் போல, கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் முறைகள்), கோப்பு முறைமையே இல்லாத ஒரு பகுதியும் இருக்கின்றன. விண்டோஸ் பயனர்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள் இவற்றில் பாதியை 'அறியப்படாத பார்ட்டிஷன்' என்றுதான் பார்க்கும்.

இவற்றோடு, வட்டிலேயே இல்லாத ஒன்றும் உண்டு. கணினியைத் தொடங்கியதும் எந்த பூட் கோப்பை முதலில் இயக்க வேண்டும் என்ற வரிசை, மதர்போர்டில் உள்ள நினைவகத்தில்தான் பதிவாகியிருக்கிறது. வட்டை எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் அது வட்டின் நகலில் வராது. அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதன் அடையாள எண்ணைக் கொண்டே குறிப்பிடுகிறது. எனவே இமேஜைத் திரும்ப வைக்கும்போது மென்பொருள் பார்ட்டிஷன்களைப் புதிதாக உருவாக்கிப் புதிய எண்களைக் கொடுத்துவிட்டால், கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருந்தும் கணினி பூட் ஆகாமல் போகலாம். விண்டோஸின் பூட் பதிவேடும் வட்டு, பார்ட்டிஷன் எண்களை வைத்தே தன் பார்ட்டிஷனைத் தேடுகிறது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் லினக்ஸின் மவுன்ட் பட்டியலும் கோப்பு முறைமையின் அடையாள எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே, எண்கள் மாறாமல் அப்படியே திரும்ப வருமா என்பதே எந்த மென்பொருளிடமும் நான் முதலில் பார்க்கும் விஷயம்.

ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் வகை அட்டவணை உள்ள பழைய வட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் 512 பைட்டுகளை மட்டும் சேமித்தால் போதும் என்ற அறிவுரை இன்னும் உலவுகிறது. அந்த 512இல் 446 பைட்டுகள் பூட் நிரல், 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணை, 2 பைட்டுகள் கையொப்பம். கிரப்பின் பெரும்பகுதி அங்கே கொள்ளாது. அதற்கு அடுத்து, முதல் பார்ட்டிஷன் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில்தான் அது எழுதப்படுகிறது. அந்த இடைவெளியையும் சேர்த்து எடுக்கும் மென்பொருள் மட்டுமே இத்தகைய வட்டுக்கு உதவும்.

இமேஜ் எடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. வட்டின் ஒவ்வொரு செக்டரையும் (தரவு எழுதப்படும் சிறு கட்டம்) வெற்றிடம் உட்பட அப்படியே நகலெடுப்பது ஒன்று. கோப்பு முறைமையைப் படித்துப் புரிந்துகொண்டு, தரவு உள்ள பகுதிகளை மட்டும் எடுப்பது மற்றொன்று. வெளி ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் ஒரு டெராபைட்டை எழுத ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் வட்டில் 350 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால் இரண்டாம் வழியில் 50 நிமிடம் போதும், சுருக்கிச் சேமித்தால் இன்னும் குறையும். இதில் நேரத்தை விட முக்கியமானது ஒன்று உண்டு. இரண்டாம் வழியில் மென்பொருள் கோப்பு முறைமையைப் படித்துப் பார்ப்பதால், அதில் கோளாறு இருந்தால் இமேஜ் எடுக்கும்போதே நின்று எச்சரிக்கும். முதல் வழி அந்தக் கோளாறையும் சத்தமில்லாமல் நகலெடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் கோப்பு முறைமையைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் அதன் வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும். 2023 தொடக்கத்தில் வெளிவந்த இஎக்ஸ்டி4 கருவித்தொகுப்பின் 1.47ஆம் பதிப்பு, புதிதாக உருவாக்கும் பார்ட்டிஷன்களில் இரண்டு புதிய அம்சங்களை இயல்பாகவே இயக்கிவிடுகிறது. அதற்கு முன் வெளிவந்த மீட்புப் பென்டிரைவ்களில் உள்ள பழைய கருவிகள் அந்தப் பார்ட்டிஷனைக் கண்டு திணறும் அல்லது மறுத்துவிடும். இதே காரணத்தால்தான், ஒரு காலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த பார்ட்இமேஜ் இன்று பயன்படாது. அதற்கு இஎக்ஸ்டி4 என்ற ஒன்றே தெரியாது. தொடர்ந்து புதுப்பிக்கப்படாத இமேஜ் மென்பொருளை, அது எத்தனை நல்ல பெயர் எடுத்திருந்தாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இப்போது விண்டோஸுக்குள் இயங்கும் மென்பொருள்களைப் பார்ப்போம். விண்டோஸிலேயே உள்ள 'சிஸ்டம் இமேஜ்' வசதியை மைக்ரோசாஃப்ட் 2017இலேயே கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. வேறு நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்துமாறு அதுவே சொல்கிறது. உங்களுக்கு அது இன்னொரு காரணத்தாலும் ஆகாது. அது லினக்ஸ் பார்ட்டிஷன்களை எடுப்பதில்லை. மீட்கும் திரையில் 'வட்டுகளை ஃபார்மட் செய்து மறுபடி பார்ட்டிஷன் பிரி' என்ற தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் உபுண்டுவும் ஃபெடோராவும் அந்த நொடியே போய்விடும்.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட் நல்ல மென்பொருள், அதில் எனக்கு ஐயமில்லை. அதன் மீட்பு பென்டிரைவ் தெளிவானது, இமேஜைச் சரிபார்க்கும் வசதி உறுதியானது, இமேஜை ஒரு டிரைவ் போலத் திறந்து ஒற்றைக் கோப்பை எடுக்க முடியும். ஆனால் நீங்கள் பயன்படுத்திய இலவசப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டன. 2024இல் வந்த ரிஃப்ளெக்ட் எக்ஸ் சந்தா முறையில் விற்கப்படுகிறது. அக்ரோனிஸும் சந்தாவுக்குத்தான். பணம் கொடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. சந்தா முடிந்த பிறகும், நிறுவனம் திசை மாறிய பிறகும், எடுத்துவைத்த இமேஜைத் திறக்க முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நார்டன் கோஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். 1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்து, 1998இல் சைமன்டெக்கின் கைக்கு வந்து, இமேஜ் எடுப்பதையே 'கோஸ்ட் போடுவது' என்று சொல்லும் அளவுக்குப் பரவிய மென்பொருள் அது. 2013 ஏப்ரலில் விற்பனை நின்றுபோனது. பேக்கப் என்பது ஆண்டுக்கணக்கில் கழித்துத் திறக்கப்படும் பொருள் ஆகையால், அதன் வடிவம் வெளிப்படையாக இருப்பது எனக்குப் பெரிய தகுதியாகப் படுகிறது.

அந்தத் தகுதி உள்ளது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவாகி வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இது. பென்டிரைவிலிருந்து தனி லினக்ஸாகப் பூட் ஆவதால், உங்கள் மூன்று இயங்குதளங்களும் அப்போது உறங்கிக்கொண்டிருக்கும். எதுவும் எழுதிக்கொண்டிருக்கும்போது படம் பிடிக்கும் சிக்கல் இல்லை. உள்ளே வேலை செய்வது பார்ட்குளோன் என்ற கருவி. என்டிஎஃப்எஸ், ஃபேட், இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் அனைத்தும் அதற்குத் தெரியும். தெரியாததைச் செக்டர் செக்டராக எடுத்துக்கொள்ளும்.

அது உருவாக்கும் இமேஜ் ஒற்றைக் கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர். அதைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எடுத்த வேலை சரியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஜிபிடி அட்டவணையின் முதல் பிரதி, இரண்டாம் பிரதி ஆகியவை தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். மதர்போர்டில் இருந்த பூட் வரிசையும் ஒரு சிறு கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். முன்பு சொன்ன அந்த வட்டுக்கு வெளியே உள்ள தகவல் இதுதான், திரும்ப வைக்கும்போது குளோன்சில்லா அதைப் பார்த்து மதர்போர்டில் மறுபடி பதிய முயல்கிறது. இவற்றுக்குப் பின் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு கோப்பு. அதன் பெயரில், பார்ட்டிஷன் எண்ணை அடுத்து, எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். அங்கே என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் என்று இருந்தால் மென்பொருள் அந்தப் பார்ட்டிஷனைப் புரிந்துகொண்டது. 'டிடி' என்று இருந்தால் புரியாமல் செக்டர்களாக அள்ளியிருக்கிறது. 16 எம்பி எம்எஸ்ஆர் பார்ட்டிஷனுக்கு 'டிடி' என்று வருவது இயல்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. 400 ஜிபி விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு அப்படி வந்தால், ஒன்று அது பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது உங்கள் குளோன்சில்லா பழையது.

குளோன்சில்லாவின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரை எழுத்துகளால் ஆனது. தவறான வட்டைத் தேர்ந்தெடுத்து 'ஆம்' என்று சொல்லிவிட்டால் திருப்ப முடியாது. சென்ற முறைக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் வசதி இல்லை, ஒவ்வொரு முறையும் முழு இமேஜ்தான். திரும்ப வைக்கும் வட்டு, மூல வட்டின் அளவாவது இருக்க வேண்டும். ஒரு டெராபைட் வட்டின் இமேஜை 500 ஜிபி வட்டில் வைக்க நினைத்தால், இமேஜ் எடுப்பதற்கு முன்பே பார்ட்டிஷன்களைச் சுருக்கிவைத்திருக்க வேண்டும். இமேஜுக்குள்ளிருந்து ஒரே ஒரு கோப்பை எடுப்பதும் அதில் நேரடியாக முடியாது.

இந்தக் குறைகளில் சிலவற்றை ரெஸ்க்யூசில்லா தீர்த்துவைக்கிறது. அதே பார்ட்குளோனை, மவுஸால் இயக்கக்கூடிய தெளிவான திரையோடு தருகிறது. குளோன்சில்லா எடுத்த இமேஜை இதுவும், இது எடுத்ததைக் குளோன்சில்லாவும் படிக்கும். ஒன்று கைவிட்டாலும் மற்றது இருக்கிறது என்ற இந்த நிலை வணிக மென்பொருள்களில் அரிது. இமேஜைத் திறந்து உள்ளே உள்ள கோப்புகளைப் பார்க்கும் வசதியும் இதில் உண்டு. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு ரெஸ்க்யூசில்லாவையே அன்றாடக் கருவியாகவும், பூட் வரிசை போன்ற நுணுக்கங்களுக்காகக் குளோன்சில்லாவை இன்னொரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெராபைட் அன்லிமிடெட் நிறுவனத்தின் இமேஜ் மென்பொருள்கள், பல இயங்குதளங்களை ஒரே வட்டில் வைப்பவர்களிடையே நீண்ட காலமாக மதிக்கப்படுபவை. அதே நிறுவனம் பூட்இட் என்ற பூட் மேலாண்மை மென்பொருளையும் செய்வதால் இந்த உலகின் சிக்கல்கள் அதற்கு நன்றாகத் தெரியும். பணம் கொடுத்து வாங்க முடிவெடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எஃப்எஸ்ஆர்க்கைவர் லினக்ஸ் பார்ட்டிஷன்களைக் கோப்புகளாக எடுத்துச் சிறிய பார்ட்டிஷனிலும் திரும்ப வைக்கும். பேக்கப்பின் ஒரு பகுதி கெட்டால் அந்தக் கோப்போடு இழப்பு நின்றுவிடும். ஆனால் என்டிஎஃப்எஸ் ஆதரவு சோதனை நிலையில் இருப்பதால் விண்டோஸுக்கு அதை நம்ப வேண்டாம். டைம்ஷிஃப்ட் இந்தப் பட்டியலிலேயே வராது. அது லினக்ஸின் கணினிக் கோப்புகளை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவுவது, முழு வட்டையும் இமேஜ் எடுப்பது அல்ல.

பிட்லாக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அது இயங்குவதே தெரியாமல் இருக்கிறார்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் வட்டுக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் எந்த மென்பொருளுக்கும் அந்தப் பார்ட்டிஷன் அர்த்தமற்ற எண்களின் குவியல்தான். அது சுருங்கவும் சுருங்காது, வெற்றிடமும் சேர்த்தே இமேஜில் ஏறும். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தாலும் இது மாறாது, ஏனெனில் நிறுத்திவைப்பது தரவை விடுவிப்பதில்லை, சாவியை மட்டும் திறந்து வைக்கிறது. ஆகவே இரண்டு வழிகள் உள்ளன. பெரிய இமேஜைப் பொறுத்துக்கொண்டு அப்படியே எடுக்கலாம். அது பூட்டிய நிலையிலேயே இருப்பதால் பாதுகாப்பானதும்கூட. அல்லது விண்டோஸுக்குள் இயங்கும் மென்பொருளால் அந்தப் பார்ட்டிஷனை மட்டும் எடுக்கலாம். அப்போது இமேஜ் திறந்த நிலையில் இருக்கும் என்பதால் அதற்குக் கட்டாயம் கடவுச்சொல் வையுங்கள். எந்த வழியானாலும், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி அல்லது அச்சிட்டு இமேஜ் உள்ள வட்டிலிருந்து வேறிடத்தில் வையுங்கள். வட்டு மாறினாலோ பூட் முறை மாறினாலோ விண்டோஸ் அதைக் கேட்கும்.

இமேஜ் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைப்பதே தலையாயது. அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உட்பகுதியை உறக்கநிலையில் எழுதிவைத்துவிட்டு, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைப் பாதி திறந்தபடி விட்டுப்போகிறது. அந்த நிலையில் பார்ட்குளோன் அதைத் தொட மறுத்துப் பிழை காட்டும். பலர் இதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து, கட்டாயப்படுத்தும் தேர்வைப் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், மறுப்பதுதான் சரியான நடத்தை. பல இயங்குதளங்கள் உள்ள கணினியில் இந்த வசதியை நிரந்தரமாகவே அணைத்துவைப்பது நல்லது. வெளி ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் நிற்காது என்பதால், என்டிஎஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

இனி, திரும்ப வைப்பது. வட்டே பழுதாகி முழு இமேஜையும் வைக்க நேர்வது அரிது. அடிக்கடி நேர்வது, மூன்றில் ஒன்று மட்டும் கெட்டு மற்ற இரண்டும் நன்றாக இருப்பது. உபுண்டுவில் ஒரு மாத வேலை சேர்ந்திருக்கும்போது, விண்டோஸுக்காக முழு வட்டையும் போன மாதத்துக்குத் திருப்ப யாரும் விரும்பமாட்டார்கள். அப்போது தேவையான பார்ட்டிஷனை மட்டும் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் அட்டவணையை மேலெழுதும் தேர்வை நீக்கிவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ரெஸ்க்யூசில்லாவின் மீட்புத் திரையில் அதற்கென ஒரு டிக் பெட்டி இருக்கிறது. இமேஜ் எடுத்த பிறகு பார்ட்டிஷன் அளவுகளை நீங்கள் மாற்றியிருந்தால், அந்த ஒரு டிக் மற்ற பார்ட்டிஷன்களைத் தடம் தெரியாமல் செய்துவிடும்.

எந்தெந்தப் பார்ட்டிஷன்கள் ஜோடியாகத் திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உபுண்டுவின் வழக்கமான நிறுவலில் கெர்னலும் (இயங்குதளத்தின் மையநிரல்) அதன் மாட்யூல்களும் (சாதனங்களை இயக்கும் துணைநிரல்கள்) ஒரே பார்ட்டிஷனில் இருப்பதால், அதை மட்டும் வைத்தால் போதும். ஃபெடோராவில் கெர்னல் பூட் பார்ட்டிஷனிலும் மாட்யூல்கள் பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனிலும் இருக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ்ஸை மட்டும் மூன்று மாதம் பின்னுக்குக் கொண்டுபோனால், புதிய கெர்னல் தன் மாட்யூல்களைத் தேடி ஏமாந்து நிற்கும். வைஃபையும் வேறு சாதனங்களும் வேலை செய்யாது, சில நேரம் பூட்டே பாதியில் நிற்கும். எனவே இவ்விரண்டையும் ஒரே இமேஜிலிருந்து சேர்த்தே வையுங்கள். ஃபெடோராவின் ஹோம் ஃபோல்டரும் அதே பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள் ஒரு துணைப்பிரிவாக இருப்பதால், அதைத் திருப்பினால் உங்கள் சொந்தக் கோப்புகளும் பழைய நிலைக்குப் போகும்; முதலில் அவற்றை வெளியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் மூன்றுக்கும் பொதுவானது ஆதலால், அது கெட்டிருந்தால் தவிரத் திரும்ப வைக்க வேண்டாம்.

சோதிக்காத இமேஜை நான் பேக்கப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. எடுத்து முடித்ததும் மென்பொருள் செய்யும் சரிபார்ப்பு, இமேஜைப் படித்து விரிக்க முடிகிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. பூட் ஆகுமா என்பதைச் சொல்வதில்லை. உதிரி எஸ்எஸ்டி இருந்தால், லேப்டாப்பின் வட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டி இமேஜை வைத்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. இல்லையென்றால், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎஃப்ஐ வசதியை இயக்கி, தேவைக்கேற்ப வளரும் ஒரு டெராபைட் மெய்நிகர் வட்டை உருவாக்கி, ரெஸ்க்யூசில்லாவின் ஐஎஸ்ஓவிலிருந்து பூட் செய்து அதில் இமேஜை வையுங்கள். மூன்று இயங்குதளங்களும் லாகின் திரைவரை வந்துவிட்டால் இமேஜ் நல்லது. பிட்லாக்கர் இருந்தால் விண்டோஸ் அங்கே மீட்புச் சாவியைக் கேட்கும். நீங்கள் எழுதிவைத்த சாவி சரியானதுதானா என்பதும் அப்போதே உறுதியாகிவிடும்.

இமேஜைப் போலவே பென்டிரைவையும் சோதிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று, கையொப்பமிட்ட பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் பழைய லினக்ஸ் பூட் கோப்புகளைத் தடைசெய்துவிட்டது; விண்டோஸோடு லினக்ஸையும் வைத்திருந்த பலரது கணினிகளில் லினக்ஸும், பழைய மீட்புப் பென்டிரைவ்களும் ஒரே நாளில் பூட் ஆகாமல் போயின. 2011இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குவதால் இந்த மாற்றங்கள் தொடரும். ஆகவே ஒவ்வொரு முறை இமேஜ் எடுக்கும்போதும் ரெஸ்க்யூசில்லாவின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் பென்டிரைவைப் புதுப்பியுங்கள்.

உங்கள் கணினிக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். இந்த வாரம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, பிட்லாக்கர் நிலையைப் பார்த்து, ரெஸ்க்யூசில்லாவால் முழு வட்டையும் ஓர் இமேஜ் எடுங்கள். அதன் பின் விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன்பும், ஃபெடோராவின் ஆறு மாதப் புதிய பதிப்புக்கு முன்பும், பார்ட்டிஷன் அளவை மாற்றியவுடனும் ஒவ்வொன்று எடுத்தால் போதும். 2 டெராபைட் வட்டில் மூன்று இமேஜ்கள்வரை தாராளமாக நிற்கும். புதியதைச் சோதித்த பின்பே பழையதை அழியுங்கள். ஆவணங்களும் படங்களும் அன்றாடம் மாறுபவை, அவற்றை இமேஜை நம்பி விடாமல் வேறொரு வட்டுக்கோ இணையச் சேமிப்புக்கோ தனியாக அனுப்பிக்கொண்டிருங்கள். நாளை புதிய எஸ்எஸ்டி வாங்கி இமேஜை அதில் வைத்தால், பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் மாட்டி ஃபெடோராவை இயக்காதீர்கள். இரண்டிலும் அடையாள எண்கள் ஒன்றாகவே இருக்கும். இரட்டை எண்களைக் கண்டால் பிடிஆர்எஃப்எஸ் எந்த வட்டில் எழுதுகிறோம் என்பதையே குழப்பிக்கொண்டு இரண்டையும் சேதப்படுத்தக்கூடும். பழையதைக் கழற்றி, புதியதில் மூன்றும் பூட் ஆவதைப் பார்த்து, சில வாரங்கள் பயன்படுத்திய பிறகு பழையதை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.